காக்கா தீர்ந்துபோன மாதம்

"லைனை நிறுத்துங்க சார்."

கேட்டே விட்டாள். எதை மட்டும் கேட்டுவிடாதே என்று வீட்டு வாசலில் தொடங்கி மின்சார ஆபீஸ் வாசல் வரைக்கும் அப்பா கரடியாய்க் கத்திக்கொண்டு வந்தாரோ, அதையே உள்ளே நுழைந்த கையோடு கேட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

தட்டச்சு மேசையில் இருந்த அம்மாள் காதுத் தோட்டைத் திருகுவதை நிறுத்தினார். டீ கிளாஸை உதட்டருகே கொண்டுபோன போர்மேன் அதை அங்கேயே பிடித்துக்கொண்டார். பொறியாளர், சொத்தைப் பல்லில் ஐஸ் தண்ணீர் பட்டவர்போல முகத்தை ஒரு பக்கமாகச் சுளித்தார். அவர் தலைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் 'தடையில்லா மின்விநியோகக் கேடயம்' பளபளத்தது. அதைத் தினமும் துடைப்பதற்கென்று ஓர் ஆள் இருந்தார். அவள் அப்பாதான்.

அப்பா கதவோரம் நின்றிருந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார். அந்த ஆபீஸில் வேறு யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை; அப்பாவையும் யாரும் கழற்றச் சொன்னதில்லை. அவர் அங்கே தற்காலிக ஹெல்பர். தற்காலிகம் என்றால் அந்த ஆபீஸில், ஒருவர் கறுப்பு முடியோடு வேலைக்குச் சேர்ந்து வெள்ளை முடியோடு நிற்கும் காலம் என்று பொருள். மகள் கேட்டது காதில் விழுந்ததும் அவர் தலை தன்னால் குனிந்தது. அந்தக் குனிவைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் பேசியதற்காகக் கூசியதா, அவர் குனிந்ததற்காகக் கூசியதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"டிகிரி," என்றார் பொறியாளர் மென்மையாக. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் ஆபீஸில் அவளுக்கு அதுதான் பெயர். "நீ படிச்ச பொண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போய், 'டாக்டர், இவரோட மூச்சைக் கொஞ்சம் நிறுத்துங்க'ன்னு கேப்பியா?"

"மரம் வெட்டணும் சார். பட்டுப்போச்சு. டிரான்ஸ்பார்மர் மேலயே சாஞ்சு நிக்குது. லைன்ல கரண்ட் இருக்கறப்ப எப்படி சார் வெட்டறது?"

"அது நியாயம்தான். யாரு இல்லேன்னா? ஆனா பாரு, மரம் உங்களுது. அதை நீங்கதான் வெட்டணும். டிரான்ஸ்பார்மர் எங்களுது. அதுக்குப் பக்கத்துல நீங்க வரக் கூடாது."

"அப்ப பக்கத்துல வராம எப்படி..."

"அது உங்க பொறுப்பு. சொந்தமா மரம் வெச்சிருக்கறவங்களுக்குன்னு ஒரு கடமை இருக்கில்ல?"

டிரான்ஸ்பார்மர் அவர்கள் வீட்டுக் கொல்லை மூலையில் குடியேறிய கதையைச் சொல்ல வேண்டும். தெருவில் அதை வைக்க யாரும் இடம் கொடுக்காதபோது பொறியாளர் அப்பாவிடம், "உன் வீட்டு மூலை சும்மாதானே கிடக்கு?" என்றார். அப்பா, "சரிங்க சார்" என்றார். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு மேல் அவர் ஆபீஸில் பேசி யாரும் கேட்டதில்லை. டிரான்ஸ்பார்மருக்கு, கசியும் கரண்ட்டை மண்ணில் இறக்க எர்த் குழி வேண்டுமென்று, நன்றாக இருந்த தைல மரத்தின் வேரை வெட்டித் தோண்டினார்கள். குழியில் உப்பையும் கரியையும் கொட்டினார்கள். மண் காயக் கூடாது என்று வெயில் காலம் முழுக்க உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அப்பா தன் வீட்டு மரத்தின் வேரில் தன் கையாலேயே குடம் குடமாக உப்புத் தண்ணீர் ஊற்றினார். மரம் பட்டது. பட்டை உரிந்து, சலவை செய்த எலும்பாட்டம் வெளுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பிகளின் பக்கம் சாய்ந்தது. காற்றடித்தால் கிளை கம்பியில் உரசி, எண்ணெயில் கடுகு விழுந்த சத்தம் கேட்கும். போன வாரம் தொடை தண்டிக்கு ஒரு கிளை, அம்மா துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுந்தது.

"சரி, நம்ம ஆள் வீட்டு விஷயம்," என்று பொறியாளர் இளகினார். "போர்மேன், காக்கா ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இந்த மாசம் காக்கா தீந்துபோச்சு சார். புது பஸ் ஸ்டாண்ட் வேலைக்கு ஒண்ணு போச்சு. உங்க மச்சினர் வீட்டு மாடி எடுக்க ஒண்ணு. அடுத்த மாசத்துக் காக்காவுலயும் ரெண்டு முன்கூட்டியே எடுத்துட்டோம்."

"அப்ப ஒண்ணும் செய்யறதுக்கில்ல. புயல் வரட்டும்," என்றார் பொறியாளர்.

தனக்குக் காது அடைத்துக்கொண்டதோ என்று அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

"என் மானத்தை வாங்கிட்டியே பாப்பா," என்றார் வராந்தாவில். "காக்கா இருக்கான்னு கேட்டிருந்தா தன்மையா போயிருக்குமே."

"என்னப்பா காக்கா?"

அப்பா பொறுமையாக விளக்கினார். லைனை ஆபீஸ் ஆட்கள் நிறுத்தினால் அது தடை. தடை வந்தால் கேடயம் போய்விடும். காக்கா மோதி நின்றால் அது இயற்கை. இயற்கையை யாரும் கணக்கில் பிடிப்பதில்லை. அதனால் வேலை வரும்போதெல்லாம் லைனை நிறுத்தி, காக்கா மோதியதாக எழுதிவிட்டு வேலையை முடிப்பார்கள்; அதற்குப் பெயர் காக்கா போடுவது. பக்கத்து ஆபீஸ்களும் இதையே செய்யப்போக, நாட்டில் இத்தனை காக்காய் சாகிறதே என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்தார்கள். விசாரணையின் முடிவில், ஓர் ஆபீஸ் எல்லைக்குள் ஒரு மாதத்தில் இத்தனை காக்காய்தான் சாகலாம் என்று அளவு வைத்துவிட்டார்கள்.

"நிஜக் காக்காவா?"

அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு வராந்தா இரும்பு அலமாரியைத் திறந்தார். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே, அந்துருண்டைகளுக்கு நடுவே, காய்ந்துபோன ஒரு காக்காய் படுத்திருந்தது. ஒரு சிறகு பசைபோட்டு ஒட்டப்பட்டிருந்தது.

"மேலிடத்துல போட்டோ கேப்பாங்க. எல்லாப் போட்டோலயும் இவன்தான். ஒரு தடவை தலையை இந்தப் பக்கம் திருப்பி வெப்பேன், ஒரு தடவை அந்தப் பக்கம். நிழல் விழாம எடுக்கணும், அது ஒரு நேக்கு." இறகில் படிந்திருந்த தூசியை வாயால் ஊதினார். "என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டாரு சார்."

அப்பா குரலில் பெருமை இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கல்லூரியில் யாராவது கேட்டால், "அப்பா மின்துறைல இருக்காரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அந்த மின்துறை இந்த அட்டைப்பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது. ஒரு நிமிஷம், இந்த ஆளை எனக்குத் தெரியாது என்பதுபோல் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்படி நின்றதற்கும் வெட்கப்பட்டாள்.

வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள். "என்னடி, போன காரியம் என்னாச்சு?"

"புயல் வரணுமாம்."

"புயல் எதுக்கு? நான் ஒரு நாள் அந்த மரத்தை உத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டா போதும், விழுந்துரும். உங்கப்பா ஏறமாட்டாரில்ல? அதைச் சொல்லு முதல்ல."

"லைனை நிறுத்தாம யாரும்மா ஏறுவா?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். கரண்டி கையில் அப்படியே நின்றது. "உங்க மாமா ஏறலயா?"

மாமா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. அப்பாவோடு ஹெல்பராக இருந்தவர். இரண்டு தெரு தள்ளி வீடு. போன வருஷம் கம்பத்தில் ஏறினவர் உயிரோடு இறங்கவில்லை. அவர் மனைவியை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அத்தை தையல்காரி, அவள் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்பெல்லாம் அத்தை தைத்தது.

"மாமா விபத்துலதானே போனாரு?"

"விபத்தா? ஆபீஸ்ல விபத்தே நடக்கலையே. அவரு வழிப்போக்கராம்."

"கம்பத்து உச்சியிலயா வழிப்போக்கரு?"

"அப்படித்தான் முடிஞ்சுது. ஆபீஸ் ஆள் இல்ல, சும்மா அந்தப் பக்கம் போனவரு, தானா ஏறிட்டாருன்னு. அத்தைக்கு ஒண்ணும் வரல. அவ யாரைப் போய்க் கேப்பா? இன்னும் மிஷின் மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா." அம்மா அடுப்பைத் தணித்தாள். "அவரு வழிப்போக்கரா போனதைப் பாத்தேன்னு சொன்னது உங்கப்பாதான்."

முற்றத்தில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் விழுந்தது. கால் கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையே இல்லை.

போன மாதம்கூட அத்தை அவள் உடுப்புக்குப் பிரிந்த கையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, "உங்கப்பா இல்லேன்னா அன்னைக்கு நான் என்ன ஆயிருப்பேனோ, எல்லாத்துக்கும் அவருதான் ஓடினாரு" என்று சொன்னது ஞாபகம் வந்தது.

மறுநாள் பொறியாளரே வீட்டுக்கு வந்துவிட்டார். கூடவே போர்மேன், கையில் டேப்.

"உனக்கு அதிர்ஷ்டம் டிகிரி!" என்றார் பொறியாளர். "பாதுகாப்பு நாள் வருது. மேலிடத்துப் பாதுகாப்பு அதிகாரி வராரு. 'மின்கருவி அருகே பட்ட மரத்தைப் பாதுகாப்பாக வெட்டுதல்', செயல்விளக்கம். இடம் தேடிக்கிட்டிருந்தோம். உங்க கொல்லையைப் பாத்தா எங்களுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு."

"அப்ப லைனை நிறுத்துவீங்க?"

"மறுபடியும் அந்த வார்த்தையா? முதல்ல பாதுகாப்புத் தூரம் பாக்கணும். மரத்தோட உயரத்துக்கு ரெண்டு மடங்கு தூரத்துக்குள்ள ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. அது விதி."

உயரத்தை எப்படி அளப்பது? பட்ட மரத்தில் ஏறக் கூடாது, அதுவும் விதி. நிழலை அளக்கலாம் என்றார் போர்மேன். அளந்தார்கள். உச்சி வெயில். நிழல், மரத்தின் காலடியிலேயே சுருண்டு படுத்திருந்தது. அதன்படி மரம் போர்மேனின் இடுப்புக்குக்கூட வரவில்லை.

"சார், அந்த மரம் எங்க மாடியைவிட உசரம்," என்றாள் அவள்.

"கண்ணால பாக்கறதை நம்பக் கூடாதும்மா. அளவுதான் முக்கியம்," என்று சொல்லி, மரத்தடியிலிருந்து ஓர் ஆள் கை நீட்டும் தூரத்தில் பொறியாளர் குச்சியால் கோடு கிழித்தார். "மேடை இங்க வரும்."

போகும்போது அப்பாவைத் தனியே அழைத்து, "உன் நிரந்தரம் விஷயத்தை அன்னைக்கு மேடையிலயே அவர் காதுல போட்டுடறேன்" என்றார். அப்பா, "சரிங்க சார்" என்றார்.

பாதுகாப்பு நாள் வந்தது. மரத்தின் கீழே மேடை; மேடைக்குப் பின்னால் முள்கம்பிக்குள் டிரான்ஸ்பார்மர் முனகிக்கொண்டிருந்தது. பெருமக்கள் வியர்க்கக் கூடாதென்று மூன்று மின்விசிறிகள். முழுத் தெருவுக்கும் கேட்க இரண்டு ஒலிபெருக்கிகள். முன்வரிசை நாற்காலிகளில் ஆபீஸ்காரர்களும் அவர்கள் வீட்டாரும் தலையில் புத்தம்புது ஹெல்மெட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மரத்தில் ஏறப்போகும் அப்பாவுக்கு ஹெல்மெட் வரவில்லை, வருகையாளர்களுக்கே பற்றவில்லை.

பாதுகாப்பு அதிகாரியைக் கௌரவிக்கும் கட்டம் முதலில் வந்தது. ஆபீஸில் மின்சாரம் பாயாத ரப்பர் கையுறை ஒரே ஒரு ஜோடிதான் உண்டு. கேடயத்துக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது. அதைப் பொறியாளர் பயபக்தியோடு எடுத்துவந்து அதிகாரியின் கைகளில் முழங்கை வரைக்கும் மாட்டிவிட்டார். கைதட்டல் விழுந்தது. அதிகாரி மாட்டிய கையுறையோடே மைக்கைப் பிடித்தார்.

"உயிரைவிடப் பெரியது எதுவும் இல்லை!" என்று ஆரம்பித்தார். "அதனால்தான் உயிர் போனால் நாங்கள் வெளியே சொல்வதில்லை. கேட்பவர்கள் மனம் என்ன பாடுபடும்? இந்த ஆபீஸில் பணியாளர் எவரும் கம்பத்திலிருந்து விழுந்ததே இல்லை. விழுந்தவர்கள் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பணியாளர்கள் இல்லை. விழுந்த பிறகு பார்த்தால் ஒருவர்கூடப் பணியாளராக இருக்கவில்லை! இது எப்படிச் சாத்தியமாயிற்று? கட்டுப்பாடு! பணியாளராக இருப்பவன் விழமாட்டான் என்ற நம்பிக்கை!"

கைதட்டினார்கள். அம்மா கைதட்டவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றியுரை சொல்வதற்காக மேடையோரம் நிறுத்தப்பட்டிருந்த அவள், பொறியாளரிடம் குனிந்து கேட்டாள். "லைனை எப்ப சார் நிறுத்துவீங்க?"

"நிறுத்தினா மைக் எப்படிம்மா ஓடும்?" என்றார் அவர் உண்மையான ஆச்சரியத்தோடு. "பேச்செல்லாம் முடியட்டும்."

"பேச்சு முடிஞ்சதும் நிறுத்துவீங்களா?"

"பேச்சு முடிஞ்சா கூட்டம் கலைஞ்சிரும். அப்புறம் யாருக்காக நிறுத்தறது?"

"அப்பா இப்பவே ஏறப்போறாரே சார்!"

"சும்மா ஒரு போட்டோவுக்கு. ரெண்டு கிளையை வெட்டினா போதும். அவரு பாத்துப்பாரு."

அப்பா கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிட்டிருந்தார். பொறியாளர் அவரருகே போய், கரிசனத்தோடு அவர் தோளைத் தொட்டார். ஆபீஸ் சின்னம் குத்திய காக்கிச் சட்டை.

"சட்டையைக் கழட்டிடுங்க. அழுக்காயிடும்."

"சரிங்க சார்."

அப்பா சட்டையைக் கழற்றினார். நீவி, கையை உள்ளே மடித்து, நான்காக மடித்து, "பிடி பாப்பா" என்று அவளிடம் கொடுத்தார். அவர் மார்பின் நரைமுடி வெயிலில் தெரிந்தது. அத்தனை பேருக்கு நடுவில் அப்பாவை வெற்றுடம்போடு பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வேறு பக்கம் திரும்பப்போனாள். அப்போதுதான் போர்மேன் பொறியாளர் காதில் சொன்னது காற்றுவாக்கில் கேட்டது.

"நல்ல காலம் சார், சொல்லிட்டீங்க. போன வருஷம் சட்டையைக் கழட்டறதுக்குள்ள நாம பட்ட பாடு."

"இங்க அந்தத் தொல்லையே இல்ல. சொந்த வீடு, சொந்த மரம்," என்றார் பொறியாளர்.

அவளுக்குப் புரிந்தது. சட்டை இல்லாமல் மேலே போகிற ஆள் ஆபீஸ் ஹெல்பர் இல்லை. ஆசைப்பட்டுத் தன் மரத்தில் தானே ஏறின வீட்டுக்காரர். இந்த விஷயம் அப்பாவுக்குத் தெரியுமா? அவர் முகத்தைப் பார்த்தாள். தெரிந்திருந்தது. விழுந்து கிடந்த மாமாவின் சட்டையைக் கழற்றினவர்களில் ஒரு ஜோடிக் கை யாருடையது என்பதும் அந்த முகத்தில் எழுதியிருந்தது. அவர் அவள் கண்ணைப் பார்க்காமல் மரத்தில் கால் வைத்தார். பட்டை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"அடுத்து," என்றது ஒலிபெருக்கி, "நமது ஊழியர் இல்லத்துப் பட்டதாரிச் செல்வி நன்றியுரை ஆற்றுவார்."

மடித்த சட்டையின் பையில் ஏதோ கனத்தது. சாவி. காக்கா போடுவது அப்பாவின் வேலை என்பதால் தெருமுனைக் கம்பத்துப் பூட்டின் சாவி அவரிடம்தான் இருக்கும். அந்தக் கம்பத்தில் மார்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு. பூட்டைத் திறந்து கைப்பிடியைக் கீழே இழுத்தால் மேலே லைனைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கத்திகள் வாய் பிளக்கும். அதற்கு இந்தப் பக்கம் லைன் செத்துவிடும்.

அவள் மேடை ஏறவில்லை. சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பின்னால், "மகிழ்ச்சியில் ஓடுகிறார்" என்று ஒலிபெருக்கி சமாளித்தது. பூட்டு திறந்தது. கைப்பிடி துருவேறி முரண்டுபிடித்தது. ஒற்றைக் காலைக் கம்பத்தில் உதைத்து, முழு உடம்பையும் போட்டுத் தொங்கினாள். 'டப்' என்று மேலே நீலப் பொறி தெறித்தது.

டிரான்ஸ்பார்மரின் முனகல் நின்றது. மின்விசிறிகள் சோர்ந்து நின்றன. பாதுகாப்பு அதிகாரியின் வாய் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கைப்பிடியைக் கீழேயே வைத்துப் பூட்டினாள். சாவியைக் கைக்குள் இறுக்கினாள்.

"யாரு நிறுத்தினது?" பொறியாளரின் குரல் மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்டது.

மரத்தின் பாதி உயரத்திலிருந்து, வெற்றுடம்போடு, அப்பா கத்தினார். "காக்கா சார்!"

"காக்காவா?"

"காக்காதான் சார்! நான் பாத்தேன்!"

அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பொறியாளர் பயந்துபோய்ப் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். "இங்க காக்காத் தொல்லை ஜாஸ்தி சார்." அதிகாரி கையுறைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நான் போர்மேனா இருந்த காலத்துலயும் காக்காதான்" என்றார் கனிவாக. கூட்டம் மூச்சுவிட்டது. யாரோ வானத்தைக்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"காக்கா இல்ல. நான்தான் நிறுத்தினேன்," என்று அவள் தெருமுனையிலிருந்து கத்தினாள். யாருடைய தலையும் அவள் பக்கம் திரும்பவில்லை. உயிரோடு கண்ணெதிரே நிற்கிற ஒருத்தியை இத்தனை பேர் சேர்ந்து பார்க்காமல் இருக்க முடியும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

போர்மேன் ஓடிவந்தார். "காக்கா ரொம்ப நேரம் இருக்கக் கூடாதும்மா. சாவியைக் கொடு."

"அப்பா மரத்தை இறக்கட்டும். அப்புறம் தரேன். முதல்ல போய், மிச்சக் கரண்ட் மண்ணுக்குள்ள இறங்கற மாதிரி லைன்ல எர்த் கம்பியை மாட்டுங்க. இல்ல, இங்கயே நிப்பேன்."

போர்மேன் அவளையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய், ஆயுளில் முதன்முதலாக விதிப்படி எர்த் கம்பியை மாட்டினார். நாற்காலிகளைத் தெருவுக்கு விரட்டியது அம்மா. "எந்திரிங்க, எந்திரிங்க, மரத்துக்கு உங்க பதவியெல்லாம் தெரியாது" என்று ஹெல்மெட்டுகளை ஆடு ஓட்டுவதுபோல் ஓட்டினாள். அப்பா உச்சிக் கிளையில் கயிறு கட்டி, இறங்கி, ஆட்களை எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்லி அடியை வெட்டினார். மரம் ஒருமுறை முனகிவிட்டு, கம்பியைத் தொடாமல், சரியாக மேடையின் மேல் படுத்தது.

சாயங்காலத்துக்குள் ஆபீஸில் விசாரணை கூடிவிட்டது. பாதுகாப்பு அதிகாரி, பொறியாளர், போர்மேன் மூவரும் மேசையைச் சுற்றி. அவள் நிற்க, அப்பா உட்கார்ந்திருந்தார். ஆமாம், நாற்காலியில். "உட்காருங்க" என்று பொறியாளரே சொல்லியிருந்தார். நாற்காலி சுடுகிறதுபோல நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார், அவசரத்தில் பொத்தானை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தார்.

"காக்கான்னு போட முடியாது சார்," என்றார் போர்மேன். "எந்தக் காக்காவும் இவ்வளவு நேரம் செத்துக்கிட்டிருக்காது."

"பெரிசா ஏதாவது? குரங்கு?"

"நம்ம ஊர்ல குரங்கு இல்ல சார்."

"காத்து?"

"வெயில் அடிச்சுது சார். போட்டோவுல எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருக்கோம்."

தான் எந்த இயற்கை என்று மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொள்வதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான்தான் சார் நிறுத்தினேன்," என்றாள் மறுபடியும். "இந்தக் கையால."

"உணர்ச்சிவசப்படாதம்மா," என்றார் பாதுகாப்பு அதிகாரி. "நீ நிறுத்தினேன்னா, சாவி உங்கப்பாகிட்ட இருந்துதுன்னு ஆகும். சாவி அவர்கிட்ட இருந்துதுன்னா அவரு ஊழியர்னு ஆகும். அப்ப அவரு ஏன் சட்டை இல்லாம மரத்துல இருந்தாருன்னு வரும். எவ்வளவு பேருக்குக் கஷ்டம், யோசிச்சுப் பாரு." பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அடையாளம் தெரியாத வழிப்போக்கர் ஒருத்தர், அறியாம கைப்பிடியை இழுத்துட்டாரு. எப்படி?"

"பிரமாதம் சார்!" என்றார் பொறியாளர். "ஒரு சாட்சி போதும்." அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்கல்ல? பாத்தேன்னு வாயால சொன்னா போதும். சார் இன்னைக்கே உங்க நிரந்தரத்தை மேல சொல்லிடுவாரு. பொண்ணுக்கும் ஒரு தொல்லையும் வராது."

அப்பா தன் முழங்காலைப் பார்த்தார். அவர் சொல்லப்போவது தன்னைக் காப்பாற்றத்தான் என்று அவளுக்குத் தெரியும். இல்லை, சொல்லாதே என்று மனசு கத்த, சொல்லிவிட்டால் நல்லது என்று வயிறு ஒரு கணம் ஆசைப்பட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. இதே நாற்காலியில் உட்காராமல், இதே அறையில் கதவோரம் நின்றுகொண்டு, போன வருஷமும் அவர் யாரையோ காப்பாற்றுவதாக நினைத்துத்தானே சொல்லியிருப்பார்? வீட்டில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த யாரையோ.

"பாத்தேன் சார்," என்றார் அப்பா.

பொறியாளர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாதுகாப்பு அதிகாரி அவளைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச பொண்ணு, பாதுகாப்புல இவ்வளவு அக்கறை. இந்த மாதிரிப் பிள்ளைங்கதான் நமக்கு வேணும். நாளைக்கு வந்து என்னைப் பாரு."

"என்னப்பா, நான் வழிப்போக்கரா?" என்று அவள் கேட்டாள்.

அப்பா, துளை மாறி மாட்டியிருந்த பொத்தானைக் கழற்றினார்.

"மாமா?"

அப்பா முதன்முதலாக அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கவில்லை, அதைவிட மோசம், கெஞ்சியது. அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் நிற்க அவளால் முடியவில்லை. சாவியை மேசையில் வைத்தாள். கதவைத் தாண்டினாள்.

"எங்கம்மா போற?" அப்பாவின் குரல் பின்னால் வந்தது. நாற்காலி நகரும் சத்தம் வரவில்லை.

"அத்தை வீட்டுக்கு."

வராந்தாவைக் கடந்து தெருவில் இறங்கினாள். வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பவில்லை. நடந்ததை அத்தையிடம் சொல்லலாமா, வேண்டாமா என்கிற வழக்கெல்லாம் அந்த அறையிலேயே முடிந்துவிட்டது. அத்தை மிஷினை நிறுத்திவிட்டு, "வாடி, உக்காரு" என்பாள். அதற்குப் பிறகு முதல் வார்த்தையை எப்படி எடுப்பது என்பதுதான் பாக்கி. எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தும் அந்த முதல் வார்த்தை 'அப்பா' என்பதாகத்தான் இருந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.